மைனஸ் ஏழு டிகிரி

ஜூலை 4, 2022, திங்கள்

காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் போர் செய்தேன். பிறகு பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் கணினி விளையாட்டு எதற்கு என்று மனைவி பியூலா கேட்பதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. மருத்துவர் நடைப்பயிற்சிதான் சொன்னார். எங்கள் தெரு நாய்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த வாரம் விளையாட்டில் புதிய வாகனங்கள் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஒன்று சரபம். பார்த்ததும் திரையைக் கையால் தொட்டேன். கூச்சமாக இருந்தது.

சரபம் நான் வேலை பார்க்கும் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. டாங்கியைப் போலச் சங்கிலிப் பட்டையில் ஓடும். பீரங்கி கிடையாது. முதுகில் ஒரு தூக்குக் கை, கையின் நுனியில் நான்கு ஏவுகணைகள் அடங்கிய பெட்டி. உடலை மேட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கையை மட்டும் உயர்த்திச் சுட வேண்டும். எண்பதுகளின் கடைசியில் மூன்று வண்டிகள் செய்தோம். ராணுவம் பார்த்தது, தேநீர் குடித்தது, வாங்கவில்லை. ஆவணப் பிரிவில் வரைவாளனாகச் சேர்ந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை அந்தக் கையை வரைவது.

விளையாட்டில் நிறம் சரி, விளக்குகள் சரி, பின்கதவின் கீல்கூடச் சரி. பெட்டி கீழ்நோக்கிச் சாயும் கோணம் மட்டும் தவறு. மைனஸ் இரண்டு டிகிரி என்று வைத்திருக்கிறார்கள். உண்மையில் மைனஸ் ஏழு.

ஐந்து டிகிரி கேட்பதற்கு ஒன்றுமில்லை. மேட்டிலிருந்து பள்ளத்தில் இருப்பவனைச் சுட வேண்டும் என்று வையுங்கள். மைனஸ் ஏழு என்றால் ஒளிந்தபடியே சுடலாம். மைனஸ் இரண்டு என்றால் முழு வண்டியும் மேடேறி வந்து நெஞ்சைக் காட்ட வேண்டும். இன்று காலை ஒன்பது முறை காட்டினேன். ஒன்பது முறையும் இறந்தேன்.

ஜூலை 5, செவ்வாய்

விளையாட்டு நிறுவனத்தின் இணைய மன்றத்தில் பிழை அறிக்கை ஒன்று பதிந்தேன். பணிவாக, மூன்று பத்தி.

ஜூலை 8, வெள்ளி

நிராகரித்துவிட்டார்கள். “ஆதாரம் போதாது. அச்சில் வந்த வெளிநாட்டுக் கையேடு மைனஸ் இரண்டு என்கிறது.” அந்தக் கையேட்டை எழுதியவர் சரபத்தை நேரில் பார்த்ததில்லை. நாங்கள் வெளியிட்ட அறிக்கையைப் பார்த்து எழுதினார். ஆகையால் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் அறிக்கையை நம்பியதுதான் அவர் செய்த குற்றம்.

ஏவுகணை சுமக்கும் வண்டிகளின் வரலாறே ஏறக்குறைய இப்படித்தான். சோவியத்துகள் அறுபதுகளில் ஒரு டாங்கியின் பீரங்கியைக் கழற்றிவிட்டு, கூரையைத் திறந்து ஒரே ஒரு ஏவுகணை எழுந்து நிற்கும்படி செய்தார்கள். முந்நூறு மீட்டருக்குள் வந்துவிட்ட எதிரியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அது டாங்கிப் படைக்குச் சொந்தமா, பீரங்கிப் படைக்குச் சொந்தமா என்ற வழக்கும் தீரவில்லை. ஆளுக்கொரு பட்டாலியனாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு, சில ஆண்டுகளில் இரண்டையும் கலைத்தார்கள். பிரிட்டிஷ்காரர்களின் வண்டியில் சுடுபவர் தனியே இறங்கிப் போய், தள்ளி ஒரு புதரில் உட்கார்ந்துகொண்டு சுடலாம். தன் வாகனத்தைப் பற்றி இவ்வளவு தெளிவான கருத்துள்ள படையை நான் மதிக்கிறேன்.

ஜூலை 10, ஞாயிறு

மன்றத்தில் என் அறிக்கைக்குக் கீழே யாரோ ஒரு டாமி_88 எழுதியிருக்கிறான்: “இந்தியத் தயாரிப்புக்கு மைனஸ் இரண்டே தாராளம். பெட்டி கழன்று விழாமல் இருந்தால் சரி.” நாற்பத்தொரு பேர் சிரித்திருந்தார்கள்.

கோயிலுக்குப் போகவில்லை. பரணில் ஏறிப் பழைய சூட்கேஸை இறக்கினேன்.

“என்னத்த தேடுதீங்க?” என்றாள் பியூலா.

“கம்பளி.”

“ஜூலைல கம்பளியா? வெளிய போனா மண்டை பொளக்குது.”

“பூச்சி அரிச்சிருக்கான்னு பாக்கத்தான்.”

“அந்தப் பெட்டியில கம்பளி என்னைக்கு இருந்துச்சு? உங்க ஆபீஸ் பேப்பர்லா இருக்கு.”

முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவளிடம் பொய் சொல்வது எளிதல்ல. வினை எந்த நிலையில் இருக்கிறது என்று நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறாள்.

ஜூலை 11, திங்கள்

அரசு ஊழியர் நாட்குறிப்பு எழுதக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. எழுதினால் பறிமுதல் செய்யலாம் என்று இருக்கிறது. ஆகவே இனி நான் அறிந்த செய்திகளை மட்டும் எழுதுவேன்.

இன்று காலை 5.40 மணிக்கு, மன்றத்தில் ஒரு நபர் சரபத்தின் வரைபடத் தாள் 14-ஐப் பதிவேற்றியிருக்கிறார். தூக்குக் கையின் பக்கவாட்டுத் தோற்றம், கையால் வரைந்தது, 1989. மேலே ‘இரகசியம்’ முத்திரை. வரைந்தவரின் சுருக்கொப்பம் உள்ள மூலையைக் கறுப்பால் மறைத்திருக்கிறார். மைனஸ் ஏழு டிகிரி தெளிவாகத் தெரிகிறது. நல்ல வரைவு என்றே சொல்ல வேண்டும்.

டாமி_88 ஒன்றும் எழுதவில்லை.

ஜூலை 13, புதன்

தாளை மன்றத்தார் நீக்கிவிட்டார்கள். அதற்குள் ஆறாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். டெல்லியிலும் ஒருவர் பார்த்துவிட்டார்.

மாலை துணை இயக்குநர் வெங்கடவரதன் கூப்பிட்டார். அவருடைய அறையில் பாதுகாப்பு அதிகாரி தங்கராசு உட்கார்ந்திருந்தார். கேப்டனாக ஓய்வு பெற்றவர். நாற்காலியின் முன் விளிம்பில் மட்டுமே உட்காருவார்.

“ஞானசிகாமணி, விசாரணைக் குழு போட்டாச்சு. நான் தலைவர். கேப்டன் உறுப்பினர். சரபத்துல வேலை பாத்தவங்கள்ல இன்னும் சர்வீஸ்ல இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். அதனால நீங்க தொழில்நுட்ப நிபுணர்.”

“ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி ரிப்போர்ட் போகணும். அன்னைக்கே ஆளைப் போலீஸ்ல ஒப்படைக்கிறோம். அரசு இரகசியச் சட்டம், பதினாலு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம்” என்றார் தங்கராசு.

நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு என்று இப்போதுகூடத் தெரியவில்லை.

ஜூலை 14, வியாழன்

முதல் அமர்வு. முறுக்கும் காபியும் வந்தன.

தங்கராசு ஒரு பட்டியல் வைத்திருந்தார். நிறுவனத்தில் அந்த விளையாட்டை ஆடுபவர்கள் என்று தாமே ஒப்புக்கொண்டவர்கள். பட்டியலில் ஒரு பெயர்: ஷர்மிளா பானு, ஹைட்ராலிக்ஸ் பிரிவு, விஞ்ஞானி, வயது முப்பத்து நான்கு. போன வருட ஆண்டுவிழா மலரில் ‘என் பொழுதுபோக்கு’ என்று கட்டுரை எழுதி, அதில் விளையாட்டின் பெயரையும் போட்டிருக்கிறார்.

“வேற யாரும் ஆடறதில்லையா?” என்றார் வெங்கடவரதன்.

“கேட்டுப் பாத்தாச்சு சார். யாரும் கையத் தூக்கல.”

என் இரண்டு கைகளும் மேசைமேல்தான் இருந்தன.

“இன்னொண்ணு சார்,” தங்கராசு தொண்டையைச் செருமினார். “அவங்க பேரை வச்சு நாம சந்தேகப்படலைன்னு மினிட்ஸ்ல தெளிவா ஒரு வரி வேணும்.”

அந்த வரியை நான்தான் எழுதினேன். ‘குறிப்பிட்ட அலுவலரின் பெயர் எவ்வகையிலும் கருத்தில் கொள்ளப்படவில்லை.’ பட்டியலில் ஒரே ஒருவர் மட்டும் இருந்தால் பெயரைக் கருத்தில் கொள்ளாமல் இருப்பது சுலபம்.

பானுவின் போனையும் மடிக்கணினியையும் மதியமே எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலை 18, திங்கள்

பானுவை விசாரித்தோம். இரண்டு மணி நேரம். நீலச் சேலை, பச்சைப் பேனா. மிகையாக ஒரு வார்த்தை பேசவில்லை.

“தாள் பதினாலை எங்க பாத்தீங்க?”

“நீங்க காட்டினப்பதான் சார்.”

“சரபத்தை கேம்ல ஓட்டினீங்களா?”

“ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் மேட்டுல ஏறி செத்தேன். அப்புறம் வித்துட்டேன்.”

“கோணம் தப்புன்னு கோபம் வந்துச்சா?”

“சார், அது கேம். கோபம் வந்தா ஆஃப் பண்ணிட்டுத் தூங்கப் போவேன்.”

இந்த எளிய வழி ஒரு நபருக்கு ஏன் தோன்றவில்லை என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது யோசித்தேன்.

எழுந்து போகும்போது அவர் என் பக்கம் திரும்பினார். “ஞானசிகாமணி சார், நீங்க பழைய ஆளு. இந்த ஷீட்ட வரைஞ்சவரு யாருன்னு தெரிஞ்சா, காப்பி யார்கிட்ட இருக்கும்னு கண்டுபிடிச்சிரலாம்ல? யாரு சார் அது?”

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

“பாக்கணும்மா,” என்றேன். “அந்தக் காலத்துல நிறையப் பேர் வரைஞ்சாங்க.”

ஜூலை 19, செவ்வாய்

விளையாடவில்லை. பாலை எடுக்க மறந்தேன். பூனை எடுத்துக்கொண்டது.

ஜூலை 22, வெள்ளி

பானுவுக்கு நிச்சயித்திருந்த வெளிநாட்டுப் பயிற்சியை ரத்து செய்துவிட்டார்கள். வாணியம்பாடியில் அவருடைய அப்பா வீட்டுக்கு இரண்டு பேர் போய், அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார்கள். “சும்மா பொதுவாத்தான் கேட்டோம்” என்றார் தங்கராசு. பொதுவாகக் கேட்டதில், தோல் மண்டியில் கணக்கு எழுதும் அந்த மனிதரை முதலாளி கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டாராம்.

சாப்பிடும்போது பியூலாவிடம் இதைச் சொன்னேன். விசாரணை விவரங்களை வீட்டில் சொல்லக் கூடாது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிட்டா?”

“தெரியாது.”

“எத்தனை நாளா உள்ளயே வச்சுக்கிட்டிருக்கீங்க?”

“யாரும் உள்ள இல்ல. இன்னும் ஒப்படைக்கல.”

“நான் அதக் கேக்கல.”

ரசம் ஆறியது.

“ஏங்க, நீங்க எம் புருஷன். உங்களுக்கு ஒண்ணு ஆனா நான் தெருவுலதான் நிக்கணும். அதுக்காக அந்தப் பிள்ள நிக்கணுமா?”

பென்ஷன், சட்டம், பதினான்கு வருடம் என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். ஆவணப் பிரிவில் வரிசைதான் முக்கியம்.

“சரி,” என்றாள். “திங்கக்கெழம போய்ச் சொல்லிட்டு வாங்க. சட்டைய அயர்ன் பண்ணி வைக்கேன்.”

ஜூலை 25, திங்கள்

அயர்ன் செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

வெங்கடவரதன் தனியாக இருந்தார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அந்த நபர் யார் என்று சொன்னேன். தாள் எங்கே இருந்தது, எந்தக் கடையில் ஸ்கேன் செய்தது, எத்தனை மணிக்கு ஏற்றியது என்று எல்லாம் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“ஞானசிகாமணி, சரபத்தோட இருபத்திரெண்டு தாளையும் என்ன பண்ணோம்?”

“2003ல எரிச்சோம் சார். பின்னாடி யார்டுல.”

“எரிச்சதுக்குச் சர்டிபிகேட் இருக்கில்ல? யார் கையெழுத்து?”

“உங்க கையெழுத்து சார். சாட்சி நான்.”

“எத்தனை தாள்னு போட்டிருக்கு?”

“இருபத்திரெண்டு.”

“அப்ப பதினாலாவது தாளும் எரிஞ்சிடுச்சு. எரிஞ்ச தாளை எப்படிய்யா ஒருத்தன் ஸ்கேன் பண்ணுவான்? எண்ணாம கையெழுத்துப் போட்டேன்னு சொல்லப் போறீங்களா? டிசம்பர்ல எனக்கு ப்ரமோஷன் போர்டு.”

“அந்தப் பொண்ணு சார்...”

“அந்தப் பொண்ணுக்கும் வழி இதுதான். வந்திருக்கிறது போலித்தாள். யாரோ இன்டர்நெட்ல வரைஞ்சது. போலின்னா லீக் இல்ல. லீக் இல்லன்னா விசாரணை இல்ல. போன்காரன்கிட்ட, கேம்காரன்கிட்ட அட்ரஸ் கேட்டு எழுதறதெல்லாம் அதோட நின்னுடும். நீங்க நிபுணர். உண்மையான கோணம் மைனஸ் ரெண்டு, தாள்ல இருக்கிற மைனஸ் ஏழு கற்பனைன்னு எழுதிக் கொடுங்க.”

“அது பொய் சார்.”

“1991 சோதனை அறிக்கை என்ன சொல்லுது?”

“மைனஸ் ரெண்டு.”

“அரசாங்க அறிக்கை ஒண்ணு சொல்லுது, நீங்க அதுதான் பொய்ங்கறீங்க.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நீங்க உள்ள வந்து வேற என்ன சொன்னீங்கன்னு எனக்குக் காதுல விழல. ஏசி ரொம்பச் சத்தம் போடுது.”

ஏசி ஓடவில்லை. ஏப்ரலிலிருந்தே பழுது.

ஜூலை 27, புதன்

நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்துவிட்டுத் தங்கராசு தலையை ஆட்டினார்.

“வெறும் எழுத்த வச்சு நான் ஏத்துக்க மாட்டேன் சார். யார்டுல ஒரு சரபம் நிக்குதுல்ல? அளந்து பாத்திருவோம். மைனஸ் ரெண்டுல நின்னா தாள் போலி, நான் கையெழுத்துப் போடறேன். மைனஸ் ஏழுக்குப் போனா தாள் நெசம். அப்புறம் பானுவ நான் விட மாட்டேன்.”

நேர்மையான மனிதர். இந்த விசாரணைக்கு ஏற்பட்ட பெரிய இடைஞ்சலே அதுதான்.

ஜூலை 29, வெள்ளி

காலை பத்து மணி, வெயில். கடைசிச் சரபம் கேன்டீனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. அதை நகர்த்த எழுத்து மூலம் உத்தரவு வேண்டுமா என்று காவலாளி கேட்டார். நகர்த்த வேண்டாம் என்று முடிவானது.

இருபது வருடமாக எஞ்சின் ஓடாத வண்டி. கையை அசைக்க ஒரே வழி பக்கத்தில் இருக்கும் கை பம்பு. அதன் வாஷர் எல்லாம் காய்ந்து போயிருந்தன. சரிசெய்யத் தெரிந்தவர் யார் என்று ஹைட்ராலிக்ஸ் பிரிவுக்குப் போன் செய்தார்கள். ஒரே ஒருவர்தான் என்று பதில் வந்தது.

ஆகவே பானு வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அரை மணி நேரத்தில் பம்பைச் சரிசெய்தார். பிறகு அடிக்க ஆரம்பித்தார். தன்னைச் சிறைக்கு அனுப்பக்கூடிய கையை அவரே ஒவ்வொரு அடியாக இறக்க வேண்டியிருந்தது. தங்கராசு பெட்டியின்மேல் கோணமானியை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிளஸ் அஞ்சு.”

பம்பு கிறீச்சிட்டது.

“பிளஸ் ரெண்டு. சைபர்.”

வெங்கடவரதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். நான் வண்டியின் மேல்தளத்தில், கையின் அடிப்பாகத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நிபுணர் அங்கேதான் நிற்க வேண்டும்.

“மைனஸ் ஒண்ணு.”

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்பு ஊசி, வண்டியின் அதே பச்சையில் பெயின்ட் அடித்து, கீலுக்குக் குறுக்கே செருகியிருந்தது. வண்டி ஓடும்போது பெட்டி குதித்துத் தளத்தில் இடிக்காமல் இருக்கப் போடுவது. சுடுவதற்கு முன் உருவிவிட வேண்டும். 1991-இல் ராஜஸ்தான் மணலில் ஒரு கர்னல் அளந்தபோதும் இதை உருவவில்லை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பார்த்தேன். சொல்வதற்காக என் கையை உயர்த்தினேன். யாரோ அந்தக் கையில் ஒரு தேநீர்க் கிளாஸைக் கொடுத்தார்கள். குடித்தேன். அறிக்கையில் மைனஸ் இரண்டு என்று ஏறியது. சரபம் நிராகரிக்கப்பட்டது.

“மைனஸ் ரெண்டு,” என்றார் தங்கராசு. “நின்னுடுச்சு.”

பானு இன்னொரு முறை அடித்தார். கைப்பிடி இறங்கவில்லை. அவருடைய முகம் மாறியது. பம்பு அடிப்பவருக்குத் தெரியும். முழுதும் இறங்கி நிற்கும் கை ஒரு மாதிரி, எதிலோ முட்டி நிற்கும் கை வேறு மாதிரி. அவருடைய பார்வை கைப்பிடியிலிருந்து குழாய் வழியே மேலேறி, கீலுக்கு வந்து, அந்த ஊசியில் நின்றது. பிறகு என் முகத்துக்கு வந்தது.

“நிபுணர் சார்,” தங்கராசு கேட்டார். “பூட்டு, கொக்கி, ஏதாவது தடுக்குதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

குனிந்து பார்த்தேன். ஊசியின் தலையில் என் நிழல் விழுந்தது.

“இல்ல கேப்டன். எதுவும் தடுக்கல.”

“நீங்க என்னம்மா சொல்றீங்க?”

பானு கைப்பிடியை விடவில்லை. விரல்கள் வெளுத்திருந்தன.

“எனக்கு இந்த வண்டியத் தெரியாது சார்,” என்றார். “அவர்தான் எக்ஸ்பர்ட்.”

தங்கராசு கையெழுத்துப் போட்டார். வெங்கடவரதன் போட்டார். நான் மூன்றாவது. எண்ணைச் சொல்லிலும் எழுத வேண்டும் என்பது நான் கொண்டுவந்த விதி. மைனஸ் இரண்டு டிகிரி மட்டும்.

ஆகஸ்ட் 1, திங்கள்

அறிக்கை போய்விட்டது. பானுவுக்குப் போன் திரும்பக் கிடைத்தது. குழுவின் தொழில்நுட்பப் பங்களிப்பைப் பாராட்டி எனக்கு ஒரு கடிதம். பியூலா வாங்கிப் படித்துவிட்டு ஃபிரிட்ஜ்மேல் வைத்தாள். அதன்மேல் பருப்பு டப்பாவை வைத்தாள்.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

மதிய உணவு நேரத்தில் பானு ஆவணப் பிரிவுக்கு வந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். என் எதிரில் உட்காரவில்லை.

“பதினெட்டு நாள் சார்.”

நாற்காலியைக் காட்டினேன்.

“எங்க அத்தா மண்டிக்குப் போகல. அக்கம்பக்கத்துல கேட்டா, உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கிட்டிருக்காரு. எங்கம்மா என் கேம் டப்பாவெல்லாம் கெணத்துல போட்டுட்டாங்க. நீங்க எதிர்ல உக்காந்து மினிட்ஸ் எழுதினீங்க.”

“வெங்கடவரதன்கிட்ட சொன்னேம்மா. ஒத்துக்கிட்டேன். அவர்...”

“எனக்குச் சொன்னீங்களா?”

வெளியே யாரோ டிபன் பாக்ஸை மூடும் சத்தம்.

“நான் யார்கிட்டயும் போகப் போறதில்ல சார். போனா அந்த ஊசியப் பத்தி நானும் சொல்லணும். நானும் வாய மூடிக்கிட்டுத்தான் நின்னேன்.” மேசைமேல் இருந்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். “ஆனா நாளைக்கு எவனாவது மறுபடி இத நோண்டினா, திரும்பவும் என் பேர்தான் முதல்ல வரும். நீங்கதான்னு உங்க கையால எழுதி என்கிட்ட கொடுங்க. நான் வச்சுக்கறேன்.”

“இது வெளிய வந்தா நான்...”

“ஆமா,” என்றார். “அது தெரிஞ்சுதான் கேக்கறேன்.”

எழுதினேன். அந்த நபர் என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டு, நான் என்று எழுதினேன். 2003-இல் எரிக்க வேண்டிய தாள் 14-ஐ வீட்டுக்கு எடுத்துப் போனவன் நான். மன்றத்தில் ஏற்றியவன் நான். ஷர்மிளா பானுவுக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை என்று முதல் நாளே தெரிந்திருந்தவன் நான். உண்மையான கோணம் மைனஸ் ஏழு டிகிரி. நான்கு வரி. கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவர் நின்றபடி இரண்டு முறை படித்தார். மடிக்கப் போனவர் நிறுத்தி, தாளைத் திரும்ப என் முன் வைத்தார்.

“தேதி போடல சார்.”

முப்பத்து நான்கு வருடச் சேவையில் தேதியில்லாமல் நான் கொடுத்த முதல் ஆவணம் அது. போட்டேன்.